ஏழு அட்டை உயரம்

அந்த வீட்டில் இரண்டு மாதமாக ஒரே பேச்சுதான். பாட்டுப் பெட்டியையே மாற்றுவதா, அதன் முள்ளை மட்டும் மாற்றுவதா. சோறு வெந்ததா என்று ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டும். நான் எதிர் வீட்டுக்காரி. எங்கள் தெரு குறுகல், அவர்கள் ஜன்னலில் இருமினால் என் ஜன்னலில் கேட்கும். அதனால் இதில் பாதி நானே காதால் கேட்டது. மீதியை, ஜாக்கெட் அளவு கொடுக்கப் போன நாட்களில் அந்த வீட்டுத் தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். கேட்பவர்கள் பயந்துவிடாதீர்கள், பயப்படவேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

கட்டடம் பழையது. சுண்ணாம்புக் காரைச் சுவர், மரச்சட்டம் போட்ட மாடி. கீழே அச்சாபீஸ். மாடியில் இவர்கள் மூன்று பேர். அவர் அச்சாபீசில் மெஷின்மேன். அவள் வீட்டிலேயே தைப்பாள். எட்டு வயதில் ஒரு பெண், ஓயாமல் பேசுவதால் குருவி என்று கூப்பிடுவார்கள். மூவரும் சேர்ந்தாற்போல வாயை மூடுவது பாட்டுப் பெட்டி பாடும்போது மட்டும்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷின்மேன் மேலே வருவார். விரல் இடுக்கில் ஏறிய மையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, மறுபடியும் தேய்ப்பார். மை வாடை போகாமல் இசைத்தட்டைத் தொடமாட்டார். அந்தப் பாட்டுப் பெட்டி, மூடிப்போன ஒரு காபிக் கடையில் வாங்கிய, இசைத்தட்டைச் சுற்றவைக்கும் பழைய டர்ன்டேபிள். வாங்கிய புதிதில் தரையில் மேசை போட்டு வைத்திருந்தார். கீழே மெஷின் ஓடும்போது மாடித் தரை அதிரும், முள் துள்ளும். ஆகவே வீட்டிலேயே தடித்த சுவர் எது என்று பார்த்து, அதில் இரும்புத் தாங்கி அடித்து, பலகை போட்டு, மேலே ஏற்றிவிட்டார். அந்தப் பலகைக்கு நேர் கீழே குருவியின் கட்டில்.

நாலைந்து மாதம் முன்பு பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் வர ஆரம்பித்தது. பாடுகிறவர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில், நாய் கனவில் உறுமுவதுபோல ஒன்று.

மெஷின்மேன் அதைப் பெட்டியின் கோளாறு என்றார். அவள் அண்ணன், தெருக்கோடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர், முள்ளின் கோளாறு என்றார். கையிலிருந்த காசு அந்த வருஷம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். ஆகவே சண்டை வளர்ந்துகொண்டே போனது.

"மாப்ள, பெட்டி கல்லு மாதிரி இருக்கு. தேஞ்சது முள்ளு. முள்ளு மாட்டின கார்ட்ரிட்ஜ் நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டுங்க, போதும். பல்லு வலிச்சா தலையையா மாத்துவாங்க?"

"மச்சான், முள்ளு தேஞ்சா பாட்டு கரகரங்கும். இது அடித்தொண்டையில உறுமுது. இருபது வருஷமா மெஷினோட குடித்தனம் பண்றவன் நான். சுத்துற சாமான் உறுமினா பேரிங் போச்சுன்னு அர்த்தம். டர்ன்டேபிளத்தான் மாத்தணும்."

"குடித்தனம் அதோடயா?" என்று அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "அப்ப சமையலையும் அதையே செய்யச் சொல்லுங்க. நான் கொஞ்ச நாள் பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்."

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உறுமல் வருவதற்குச் சில நாள் முன்புதான் அச்சாபீசுக்குப் புது மெஷின் வந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு பெரிது. லாரியில் வந்து தெருவில் நிற்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, மெஷின் நுழைய முடியாமல் நடுவில் ஒரு சுவர். கொத்தனார் வந்து பார்த்தார். இடிப்பதென்றால் முதலில் மேலே இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். முதலாளி வானத்தைப் பார்த்தார். பிறகு மெஷின்மேனைப் பார்த்தார்.

மெஷின்மேன் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பேரிங்கில் மணல் விழுந்தால்கூடத் தட்டியே கண்டுபிடிக்கிற மனுஷன். இது பாரம் தாங்குற சுவர் இல்லை, பின்னால் வந்தவர்கள் எழுப்பிய வெறும் தடுப்பு என்று சொல்லிவிட்டார். கொத்தனார் தன் சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். வேறு ஆட்கள், மாடியில் பாட்டுப் பெட்டி மாட்டியிருந்த சுவருக்கு நேர் கீழே, எட்டடி அகலத்துக்கு இடித்தார்கள். மழைக்கு முன்னால் மெஷின் உள்ளே போய்விட்டது. அன்று எல்லாரும் அவர் முதுகைத் தட்டினார்கள். புது மெஷினுக்கு அவரே தலைமை.

இசைத்தட்டு ஓடும் பெட்டி மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டைத் தின்னும். ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தட்டின்மேல் குமிழி ஓடும் கையளவு ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். புது மெஷின் வந்த இரண்டாம் வாரம் குமிழி வலது பக்கம் நகர்ந்திருந்தது. பலகை இறங்கியிருக்கும் என்று, கீழே வெட்டி எறிந்த அட்டையில் ஒரு துண்டை மடிக்காமல் இடது காலுக்கு அடியில் வைத்தார். குமிழி நடுவுக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று.

கதவுத் தாழ்ப்பாள் தன் ஓட்டையில் விழாமல் போனது. மழை ஈரத்தில் மரம் உப்பிவிட்டது என்று ஓட்டையை அரம் போட்டு அகலமாக்கினார். அதன்பிறகு கதவே தரையில் உரசியது. காலையில் குருவிக்குத் தலை சீவும்போது சீப்பில் வெள்ளையாக வந்தது. பொடுகு என்று நினைத்து அவள் அம்மா எண்ணெயை மாற்றினாள். பாட்டுப் பெட்டியின் கண்ணாடி மூடிமேலும் அதே வெள்ளைத் தூள் படிந்தது. பெட்டிக்குமா பொடுகு வரும் என்று கேட்டு அவளே சிரித்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் சட்டைப் பையில் சின்ன டப்பாவோடு வந்தார். புது கார்ட்ரிட்ஜ். தன் வாடிக்கைக்காரர் ஒருவர் வாங்கி மாட்டாமல் வைத்திருந்தது என்றார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம், காசைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம் என்றார். தங்க நகைக்குப் பஞ்சு வைத்து மூடும் பெண்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடி மாதிரி நாலு கம்பிகளைக் குறடால் பிடித்துச் செருகினார். மெஷின்மேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். குருவியிடம் மூச்சுவிடாதே என்றார்கள். அவள் உண்மையிலேயே விடவில்லை, கன்னம் உப்பிவிட்டது.

முள் இறங்கியது. அப்படி ஒரு பாட்டை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. பாடுகிறவள் எச்சில் விழுங்குவது கேட்டது. தபலாக்காரரின் மோதிரம் எங்கேயோ இடிப்பது கேட்டது. நான் என் ஜன்னலில் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணன் முகத்தில் வெற்றி. அந்த நேரம் பாடுகிறவள் நிறுத்தினாள். உறுமல் வந்தது. முன்பைவிடப் பெரிதாக, முன்பைவிடத் தெளிவாக.

"நல்லா இருக்கு மச்சான்," என்றார் மெஷின்மேன். "முன்னாடி தூரத்துல உறுமிச்சு. இப்ப மடியில வந்து உக்காந்துக்கிச்சு."

அண்ணன் பெட்டிப் பக்கம் குனிந்தார். பெட்டியின் மோட்டாரை நிறுத்தினார். தட்டு சுற்றி ஓய்ந்தது. அசையாமல் நின்ற தட்டின்மேல் முள்ளை மறுபடியும் இறக்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

உறுமல் அப்படியே இருந்தது.

சுற்றாத தட்டு உறுமுகிறது என்றால் பேரிங்கும் இல்லை, முள்ளும் இல்லை. முள் பாவம், தன் காலடியில் வருவதைத்தான் சொல்கிறது. புது மெஷின் வந்ததிலிருந்து கீழே வேறு ஆள் வைத்து ராத்திரியும் ஓட்டினார்கள், அன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு சுவர் வழியாக ஏறிப் பலகைக்கு வருகிறது என்று அண்ணன் சொன்னதும் மெஷின்மேனுக்கு உயிர் வந்தது. இரண்டையும் மாற்ற வேண்டாம், தீர்ந்தது என்றார். இரண்டு மாதச் சண்டைக்குக் காபி போட்டுக் குடித்தார்கள்.

அவள் மட்டும் டம்ளரைத் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் தனக்கு ஏதோ சத்தம் கேட்டதே என்றாள். ஞாயிற்றுக்கிழமை கீழே மெஷின் ஓடாதே என்றாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்ப்போம் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே பூட்டு. தெருவில் வெயிலைத் தவிர யாரும் இல்லை. தட்டை நிறுத்தி, முள்ளை இறக்கி, சத்தத்தை முழுக்கத் திருப்பினார்கள். உறுமல் இல்லை. லேசான இரைச்சல், அவ்வளவுதான். மெஷின்மேன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

அப்போது 'டிக்' என்றது.

யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அதன்பின் இரண்டு சேர்ந்தாற்போல. அதற்குப் பின்னால் அரிசி சிந்துவதுபோல மெல்லிய சரசரப்பு.

"யாரோ சாக்பீஸ் உடைக்கிறாங்க," என்றாள் குருவி, கட்டிலில் சம்மணம் போட்டபடி. "சுவத்துக்குள்ள இருந்துக்கிட்டு."

அண்ணன் மெஷின்மேனைப் பார்த்தார். மெஷின்மேன் தட்டைப் பார்த்தார். முள்ளைத் தூக்கித் தாங்கியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"டர்ன்டேபிளையே மாத்திடலாம்."

அவள் என்னிடம் சொன்னாள்: அக்கா, எனக்கு அந்த டிக் டிக்கில்கூட அவ்வளவு பயம் வரவில்லை, இந்த மனுஷன் இதைச் சொன்னாரே, அப்போதுதான் வந்தது.

அவள் எழுந்து போய்ப் பெட்டியின் இடது காலைத் தூக்கி, அடியிலிருந்த அட்டைகளை உருவினாள். தையல் மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். வெள்ளை, மஞ்சள், இரண்டு நீலம், மறுபடியும் மூன்று வெள்ளை. மொத்தம் ஏழு.

"இதையும் மாத்திடலாமா?" என்றாள்.

அவர் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அவளும் ஒரு படி மேலே உட்கார்ந்தாள். அங்கே வைத்துத்தான் அவர் வாயைத் திறந்தார். "அந்தச் சுவரத் தட்டிப் பாத்தேன். வெறும் தடுப்பு மாதிரி டொக்குன்னுதான் கேட்டுச்சு. நெஜமாவே அப்படித்தான் கேட்டுச்சு." பிறகு, "அப்படிக் கேக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு போல," என்றார்.

சாயங்காலமே முதலாளி வீட்டுக்குப் போனார். முதலாளியைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். இவரை உட்காரவைத்து, முழுக்கக் கேட்டார். பள்ளிக்கூடப் புத்தகம் புதன்கிழமை லாரி ஏற வேண்டும், வியாழக்கிழமை முதல் வேலையாகக் கொத்தனாரைக் கூப்பிடலாம், அதுவரை ஆட்களிடம் எதையாவது சொல்லிக் கலைத்துவிட வேண்டாம் என்றார். நாலு மாதம் நின்ற சுவர் நாலு நாள் நிற்காதா என்றார். நானும் அதன் கீழேதானே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அதற்கு இவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை என்று அவர் வந்து சொன்னதும் அவள் குருவியின் துணிகளை ஒரு பையில் திணித்து பெண்ணை அண்ணனோடு அனுப்பினாள். பெண் போகும்போது வீடு இவ்வளவு பெரியதா என்று அவளுக்குத் தோன்றியதாம்.

திங்கட்கிழமை காலை அவர் எப்போதும்போல எட்டரைக்கு மைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். அவர் தலை மறைந்ததும் அவள் வேலையில் இறங்கினாள். முந்தின நாளே அண்ணனிடம் நீளமான ஒயர் வாங்கி வைத்திருந்தாள். ஸ்பீக்கர் பெட்டியைப் பழைய போர்வையில் கட்டி ஜன்னல் வழியாக இறக்கினாள். கீழே அண்ணன் வாங்கி அச்சாபீஸ் வாசற்படியில் வைத்தார். சுற்றாத தட்டின்மேல் முள்ளை இறக்கிவிட்டு அவளும் வந்துவிட்டாள். நானும் தெருவில் இறங்கிப் போய் நின்றேன்.

ஆட்கள் எட்டுப் பேர் டீ டம்ளரோடு நின்றிருந்தார்கள். மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. என்ன தங்கச்சி, காலையிலேயே கச்சேரியா என்றார் பேப்பர் வெட்டுகிறவர்.

"பாட்டு இல்லண்ணே. ஒரே ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல நான்."

நின்றார்கள். ஒருவர் இருமலை அடக்கினார். டிக். பிறகு, டிக் டிக். பிறகு அந்த அரிசி சிந்தும் சத்தம், ஞாயிற்றுக்கிழமையைவிட நீளமாக.

"இது என்ன?"

"சுவரு," என்றாள். "எங்க வீட்டுக்கும் உங்க மெஷினுக்கும் நடுவுல நிக்கிறது."

புத்தகம் தைக்கிற பெரியம்மாதான் முதலில் அசைந்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தன் சோற்றுத் தூக்கையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அவள் பின்னால் மற்றவர்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பாட்டுப் பெட்டி சொல்வதைக் கேட்டா ஆபீசை மூடுவது என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அதில் பாதிதான் கோபம்.

மெஷின்மேன் மை டப்பாவோடு வாசலில் நின்றிருந்தார். டப்பாவைக் கீழே வைத்தார்.

"முதலாளி, அது தடுப்புச் சுவர் இல்ல. நான்தான் தப்பாச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்குங்க, நான்தான் சொன்னேன். நீங்களும் இந்தப் பக்கம் வந்துடுங்க."

முதலாளி அவரைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். செருப்பை மாட்ட மறந்து வெறுங்காலோடு தெருவுக்கு வந்தார். மெஷின்மேன் உள்ளே திரும்பிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மேலே ஸ்பீக்கருக்கான கரண்ட் வேறு மீட்டர், அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்தபோதுதான் இவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"அடுப்பு," என்றாள். "சோத்துப் பானை அடுப்புல இருக்குங்க."

அவள் படியை நோக்கி ஓடினாள். அவர் அவள் தோளைப் பிடித்து அண்ணன்மேல் தள்ளிவிட்டு, தானே ஏறினார்.

இப்போது பயப்படலாம். நாங்களும் பயந்தோம். தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் வாசற்படியில் இருந்த அந்த ஸ்பீக்கரில் அவருடைய காலடி கேட்டது. தும், தும், தும். படி ஏறுகிறார். இடையில் டிக் டிக் டிக். காலடி நின்றது. கதவு திறக்கவில்லை. தரையில் உரசிக்கொண்டிருந்த அந்தக் கதவு, இவள் இழுத்துச் சாத்திவிட்டு வந்தது, முழுக்கச் சிக்கிக்கொண்டது. அவர் தோளால் இடித்தார். ஒவ்வோர் இடிக்கும் ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஒவ்வோர் இடிக்கும் பின்னால் அந்தச் சரசரப்பு ஓடியது, ஓய்ந்தது, மறுபடி ஓடியது. இடிக்காதீங்க, இடிக்காதீங்க என்று அவள் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அது பேசும், கேட்காது.

மூன்றாம் இடியில் கதவு விட்டது. காலடி உள்ளே வந்தது. அடுப்புப் பக்கம் போனது. திரும்பியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கள் முகத்தின்மேலேயே நடந்து வருவதுபோல இருந்தது. பிறகு ஒரு 'டப்'. அதோடு எல்லாம் நின்றது. இரைச்சல்கூட இல்லை.

அவள் ஸ்பீக்கரை உலுக்கினாள். பெரியம்மா தூக்கைக் கீழே போட்டாள். நான் எத்தனை எண்ணினேன் என்று தெரியாது, எண்ணினேன்.

அவர் படியில் வந்தார். மார்போடு டர்ன்டேபிளை அணைத்துக்கொண்டு, அறுந்த ஒயர் காலில் இழுபட. தலை முழுக்க வெள்ளை. முள்ளைத் தூக்கி அதன் தாங்கியில் வைக்காமல் அந்த மனுஷன் வாழ்நாளில் பெட்டியைவிட்டு நகர்ந்ததில்லை. அன்றைக்கும் நகரவில்லை. அந்த 'டப்' அதுதான். அவள் அவர் தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அடித்ததில் தூள் பறந்தது. சோறு அடிப்பிடிச்சுடுச்சு, அணைச்சுட்டேன் என்றார் அவர்.

பத்தேகால் மணிக்குச் சுவர் விழுந்தது. நாங்கள் நினைத்த மாதிரி பெரிய சத்தம் இல்லை. பெருமூச்சு மாதிரி ஒன்று. தூசி அடங்கியபிறகு பார்த்தால், மாடித் தரை மடங்கி, குருவியின் கட்டில் புது மெஷின்மேல் நாலு காலும் ஊன்றி நின்றது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

இப்போது அவர்கள் இரண்டு தெரு தள்ளி, மேலே கீழே யாரும் இல்லாத ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர் வேறொரு அச்சாபீசில் பழைய சின்ன மெஷினில் வேலை பார்க்கிறார். அங்கே யாராவது எதையாவது காட்டி அபிப்பிராயம் கேட்டால், தட்டிப் பார்க்கக்கூடக் கையை நீட்டுவதில்லை, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுகிறார். சாயங்காலம் கை கழுவி, பெட்டிக்கு முன்னால் உட்கார்கிறார். நின்ற தட்டில் முள்ளை இறக்குகிறார். கேட்கிறார். முள்ளை எடுத்து வைத்துவிடுகிறார். போன வாரம் அண்ணன் ஒரு படம் போட்ட விலைப்பட்டியலோடு வந்து, கையில் கொஞ்சம் சேர்ந்திருக்குமே மாப்ள, இப்பச் சொல்லுங்க, டர்ன்டேபிளா, கார்ட்ரிட்ஜா என்று பழைய பேச்சை எடுத்துப் பார்த்தார்.

"சுத்தாத தட்டுக்கு எதுக்கு மச்சான் புதுசு," என்றாராம்.

அதற்கு மறுநாள் அவள் துடைக்கிறபோது பெட்டியின் இடது காலுக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. ஒரே ஓர் அட்டை. அவரிடம் கேட்டாள். கழுவுகிற தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையை வாட்டமாகப் போட்டிருக்கிறார்கள், பழைய கொத்தனாரையே கூட்டிவந்து காட்டிக் கேட்டுவிட்டேன் என்றார். அவள் தலையாட்டினாள். அவர் வேலைக்குப் போனதும் துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, அட்டையில் அன்றைய தேதியைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நேற்று ஜாக்கெட் வாங்கப் போனேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே, பெட்டியின் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணுதான்க்கா," என்றாள். "இன்னும் ஒண்ணுதான்."